புடவை கட்டினால் போதுமா?

கேள்வி: மியூசிக் வீடியோக்களில் பெண்களை அரைகுறை ஆடையில் ஆடவிடுவதுதானே பிரச்சினை? எல்லோருக்கும் புடவை கட்டிவிட்டால் தீர்ந்தது!
– வாசகர், கரூர்

பதில்: தீராது. மழையில் நனைந்த வெள்ளைப் புடவையை நம் சினிமா எத்தனை பாட்டில் காட்டியிருக்கிறது! உடுத்தியது முழுப் புடவைதான். தப்பு, கேமரா வைத்த இடத்தில். உடையை விடுங்கள், ஷாட்டைப் பாருங்கள்.

சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவை ஓட்டுங்கள். தலை ஃப்ரேமுக்கு வெளியே போய், உடம்பு மட்டும் தெரியும் ஷாட்களை எண்ணுங்கள். அடுத்து, ஆடும் பெண் ஒன்றைப் பார்க்க, அவள் பார்த்தது நமக்கும் தெரிவது எத்தனை முறை? ஆணுக்கு அது தாராளமாக உண்டு: அவன் பார்ப்பான், உடனே அவள் இடுப்பு வரும். அவளுக்கு அப்படி ஒன்றுகூட இல்லாத பாட்டுகள் ஏராளம்.

முகத்தை விட்டு உடம்பை மட்டும் எடுப்பதில் தொழில் சௌகரியமும் இருக்கிறது. கேமரா வழக்கமாக நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படங்கள், எடுக்கும்; திரையில் ஓடுவதும் அதே வேகம். 48 எடுத்து 24-ல் ஓட்டினால் திரையில் பாதி வேகம், அதுதான் ஸ்லோமோஷன். உதடு பாட்டோடு ஒட்ட, செட்டில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அவள் பாட வேண்டும். முகம் தெரியாவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. முதுகையும் இடுப்பையும் ஸ்லோமோஷனில் எடுத்து வைத்தால், எடிட்டிங்கில் எந்த வரிக்கும் ஒட்டலாம். சௌகரியம் என்பதற்காக அதை ஏற்க முடியாது.

2021-ல் வந்த ‘புஷ்பா’வின் ‘ஊ சொல்றியா மாமா’ உங்கள் கேள்விக்கே பதில் சொல்கிற பாட்டு. சேலையோ கவுனோ, கோளாறு ஆணின் பார்வையில் என்கிறது பாடலாசிரியர் விவேகாவின் வரி. படமாக்கிய விதமோ அதே பார்வையோடு சமந்தாவின் இடுப்பைச் சுற்றி வருகிறது. குறை அவரிடம் இல்லை. ஷாட்டைத் தீர்மானித்தவர் அவரல்ல.

1958-ன் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதும் போட்டி நடனத்தைப் பாருங்கள். கவர்ச்சி அதிலும் உண்டு. ஆனால் தலை முதல் பாதம் வரை ஆட்டம் தெரிகிறது, கண்ணில் கோபம் தெரிகிறது. ஆடுகிறவர்கள் ஆட்களாகவே இருக்கிறார்கள்.

பெண்களை இழிவுபடுத்தும் காட்சி கூடாது என்று திரைப்படத் தணிக்கைக்கான 1991-ம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. நேராக யூடியூபில் ஏறும் ஆல்பம் பாட்டு தணிக்கைக்கே போவதில்லை. எனவே பொறுப்பு எடுப்பவர்களுடையது. உங்கள் ஊரில் யாராவது ஆல்பம் எடுத்தால், எடுக்கப்போகும் ஷாட்களின் பட்டியலை ஆடும் பெண்ணிடம் முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். டேக் முடிந்ததும் அவர் மானிட்டரில் பார்க்கட்டும். வேண்டாம் என்று அவர் சொன்ன ஷாட் எடிட்டிங் மேசைக்குப் போகாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பின்வரிசையில் ஆடும் பெண்களுக்கும் சேர்த்து.