பங்கைப் பேசிவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பாட்டு எழுதுகிறவன். என்னைப்போலச் சொந்தமாகப் பாட்டு கட்டுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள் என்று பதினொரு பேர் மூன்று வருடமாக மாதம் ஒருமுறை கூடுகிறோம். யாருக்கும் இசை முழுநேர வேலை இல்லை. ஒருவர் புதுப் பாட்டைப் பாடிக் காட்டுவார், மற்றவர்கள் கருத்து சொல்வோம். சில பாடல்களைச் சேர்ந்து ஒலிப்பதிவும் செய்து வெளியிட்டிருக்கிறோம். ஒன்றின் இணைப்பை அனுப்புகிறேன்.

இதை அடுத்த கட்டத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. சங்கமாகப் பதிவு செய்யலாமா? மூத்த இசைக்கலைஞர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்வது நல்லதா? போட்டிகளுக்குப் பாட்டு அனுப்புவதில் பயன் உண்டா? எங்களில் ஒருவருக்குப் போன வருடம் பெரிய வாய்ப்பு கிடைத்தது. அப்புறம் அவர் வருவதே இல்லை. அது எல்லோருக்கும் வருத்தம். மற்றபடி நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி. பணம், பங்கு என்று இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. உள்ளூர் இசைக்காரர்கள் ஒருவருக்கொருவர் தொழிலில் எப்படிக் கைகொடுப்பது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாட்டைக் கேட்டேன். பல்லவியைவிடச் சரணம்தான் உங்களுக்கு நன்றாக வருகிறது. இரண்டாவது சரணத்தில் மெட்டு இறங்கும் இடத்தில் சொற்களும் சேர்ந்து இறங்குகின்றன. அது பழகிய கை. தொடர்ந்து எழுதுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சங்கப் பதிவு, பொதுவான வங்கிக் கணக்கு தேவைப்படுகிற நாளில் செய்துகொள்ளலாம். இப்போது பதிவு செய்தால் தலைவர் யார், செயலாளர் யார் என்பதிலேயே ஒரு வருடம் போய்விடும். வழிகாட்டி வேண்டாம். பதினொரு பேரும் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பாட்டு எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். போட்டிக்கு ஆசை இருந்தால் அனுப்புங்கள். ஆனால் விதிமுறையைக் கடைசி வரி வரை படியுங்கள். கட்டணமும் வாங்கிக்கொண்டு, அனுப்பிய பாட்டின் உரிமையும் தங்களுக்கே என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இந்தக் கேள்விகளுக்காக இல்லை. "பணம், பங்கு என்று ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது இந்த விஷயம்தான்.

நீங்கள் அனுப்பிய பாட்டின் கீழே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று உங்களுடையது, இன்னொன்று பாடியவருடையது. மெட்டும் உங்களுடையது என்றே வைத்துக்கொள்கிறேன். கிட்டார் வாசித்தது யார்? முதல் சரணம் முடிந்ததும் ஒரு வயலின் வருகிறதே, அதை யோசித்தது யார்? இரண்டாவது முறை பல்லவி வரும்போது தாளம் ஒரு கணம் நின்று திரும்ப எடுக்கிறது. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் பாட்டு பாதியில் சோர்ந்திருக்கும். அது யாருடைய யோசனை? குடும்பம் என்கிறீர்கள். குடும்பத்தில் இருக்கிறவர்களுக்குப் பெயர் இருக்கும், ஆர். அவர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அவர்கள் யாரென்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாரோ அந்த வயலினைக் கேட்டு, இவரை வாசிக்கக் கூப்பிடலாமே என்று நினைத்தால் எங்கே தேடுவார்? தொழிலில் எப்படிக் கைகொடுப்பது என்று கேட்கிறீர்கள். கையில் இருந்த எளிய உதவியைக்கூட நீங்கள் செய்யவில்லை.

இளம் வயதில் நானும் இப்படி ஒரு குழுவில் இருந்தேன். எங்களோடு புல்லாங்குழல் வாசிக்கிற நண்பர் ஒருவர் உண்டு. வேலை முடிந்து நேராக வருவார், ஓரமாக உட்காருவார், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் இன்னொரு நண்பர் புதுப் பாட்டு ஒன்றைத் தனனா என்று வெறும் தத்தகாரத்தில் பாடிக் காட்டினார். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, வரியும் என்னுடையதில்லை. பல்லவி நன்றாக இருந்தது. ஆனால் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகிற வழி தெரியாமல் அவர் திரும்பத் திரும்ப அங்கேயே நின்றார். குழல்காரர் பையிலிருந்து குழலை எடுத்து ஒரு சின்ன சங்கதி வாசித்தார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அன்றைக்கே பாட்டு முடிந்துவிட்டது. பிற்பாடு அந்தப் பாட்டைக் கேட்ட யாரும் பல்லவியை முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. அந்தக் குழல் சங்கதியைத்தான் முணுமுணுத்தார்கள்.

பாட்டு ஒலிப்பதிவானது. கொஞ்சம் பணமும் வந்தது. பெரிய தொகை இல்லை. ஒலிப்பதிவின் உறையில் குழல்காரரின் பெயர் இல்லை, பணத்திலும் பங்கு இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். வேலைப்பளு என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். சமீபத்தில் அவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். பேச்சு அந்தப் பாட்டுக்கு வந்தது. "கேட்டால் அற்பமாக நினைப்பீர்களோ என்றுதான் கேட்கவில்லை" என்றார். குழல் இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. வீடு மாறியபோது எதிலோ கட்டி வைத்தாராம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது இதனால்தான். பணம் பேசாத குழுவில் எல்லோரும் சமமாக இழப்பதில்லை. கூச்சப்படுகிறவர்தான் இழக்கிறார். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பேசாமல் இருப்பது சௌகரியம். இன்று பாட்டை இணையத்தில் வெளியிடுகிற விநியோகச் சேவைகள், பாட்டை ஏற்றியவரின் கணக்குக்குத்தான் பணம் போடும். மற்றவர்களின் பங்கு எவ்வளவு என்று நீங்கள் சொல்லாதவரை அதற்குத் தெரியாது. பதினொரு பேரில் அந்தக் கணக்கு யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுடையதாக இருந்தால், முதலில் பேச வேண்டியவர் நீங்கள்.

இவர் ஏதோ பழைய மனக்குறையைப் பெரிதாக்குகிறார் என்று தோன்றலாம். உலகம் அறிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். ப்ரோகால் ஹாரம் என்ற ஆங்கிலக் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967இல் வந்தது. அந்தப் பாட்டை நினைத்தால் முதலில் காதில் விழுவது அதன் ஆர்கன் இசைதான். வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டை உருவாக்கியவர்களாகப் பதிவானவை கேரி ப்ரூக்கர், கீத் ரீட் என்ற இரண்டு பெயர்கள் மட்டும். ஃபிஷர் 2005இல் வழக்குப் போட்டார். 2006இல் லண்டன் உயர் நீதிமன்றம், இசையின் உரிமையில் 40 சதவீதம் அவருடையது என்றது. 2008இல் மேல்முறையீட்டில், இவரும் இணைந்து உருவாக்கியவர் என்பது சரி, இத்தனை காலம் சும்மா இருந்ததால் பணம் கிடையாது என்றார்கள். 2009இல், அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவருடைய பங்கைத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் வழக்குப் போட்ட காலத்துக்குப் பிறகு வருகிற பணத்துக்குத்தான். பாட்டு வந்து 42 வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே அறையில் வாசித்தவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். 1967இல் ஒரு சாயங்காலம் அரைமணி நேரம் பேசி ஒரு தாளில் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

அதைத்தான் உங்களைச் செய்யச் சொல்கிறேன். பாட்டு முடிந்த அன்றைக்கே, யாரும் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஒரு தாள். பாட்டின் தலைப்பு, தேதி, வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம், எல்லோருடைய சட்டப்பூர்வமான முழுப்பெயர், கையெழுத்து. செல்லப்பெயரையும் மேடைப்பெயரையும் மட்டும் எழுதினால் பின்னால், பாட்டுக்கான பணத்தை வசூலித்துத் தருகிற ராயல்டி சங்கத்தில் பதியும்போது குழப்பம் வரும். தாளை எல்லோரும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதை ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஆட்கள் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. உங்கள் பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடி வெளியிட்டால் படைப்புக்கான பணம் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வரும், உங்கள் ஒலிப்பதிவுக்கு ஒன்றும் வராது. உங்கள் ஒலிப்பதிவையே ஒரு விளம்பரத்தில் எடுத்துப் போட்டால் இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டுக்கும் அடையாள எண்களே வேறு. படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி, ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி. ஆகவே ஸ்டூடியோ செலவை யார் கொடுத்தார்கள், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்பதைத் தனியாக எழுதுங்கள். வாசித்தவர் அன்றைய சம்பளத்தோடு முடித்துக்கொள்கிறாரா, பங்கு எடுத்துக்கொள்கிறாரா என்பதையும் எழுதுங்கள். இரண்டும் நியாயம்தான். இரண்டுமே இல்லாமல் "நம்ம பாட்டுதானே" என்று தோளில் தட்டி அனுப்புவதுதான் அநியாயம்.

எப்படிப் பிரிப்பது? அதற்குப் பொதுவிதி எதுவும் இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் பாட்டெழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிறந்தபோது அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள் எத்தனை பேரோ, அத்தனை சமபங்கு. யார் எத்தனை வரி கொடுத்தார்கள் என்று எண்ணுவதில்லை. ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவில், யார் எழுதினாலும் குழுவில் இருந்த எல்லோர் பெயரையும் போட்டார்கள். குயீன் குழு நெடுங்காலம் தனித்தனிப் பெயர் போட்டுவிட்டு, 1989இல் வந்த ஆல்பத்தில் எல்லாப் பாட்டையும் குழுவின் பெயரில் போட்டது. எனக்குச் சமபங்கு பிடிக்கும், ஏனென்றால் ஆறாவது சொல்லை நான் கொடுத்தேன், ஏழாவதை நீ கொடுத்தாய் என்ற பேச்சு பாட்டைக் கெடுக்கும். ஆனால் ஒருவரே வரியும் மெட்டும் முழுதாக முடித்துக்கொண்டு வந்தால் அது அவருடையதுதான். அதையும் தாளில் எழுதிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பணம் பேசினால் நட்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள், தெரிகிறது. இசைக்காரர்களின் ஒற்றுமையே பணப் பேச்சில் தொடங்கியதுதான், ஆர். 1847இல் பாரிஸில் அம்பாசதர் என்ற காஃபேயில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் தன் இசையமைப்பாளர் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் உருவாக்கிய இசையை அங்கே அனுமதியில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இசைக்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை, நீங்கள் கொடுத்த பானத்துக்கு நாங்களும் கொடுக்கமாட்டோம் என்று பூர்ஜேயும் நண்பர்களும் மறுத்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போனது, அவர்கள் ஜெயித்தார்கள். அதிலிருந்து 1851இல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிற வேலையை அது இன்றும் செய்கிறது. அமெரிக்காவில் இதேபோன்ற அஸ்காப் சங்கம் 1914இல் வந்தது. மற்ற நாடுகளிலும் இப்படிப்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. உங்களில் எத்தனை பேர் அப்படி ஒன்றில் உறுப்பினர்? உங்கள் பதினொரு பேரின் சங்கத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால் அதில் சேருங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிய வேண்டும். பதியாத பாட்டுக்கு வசூலான பணம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. படிவம் நிரப்பப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பொறுமை உள்ளவர் கூடவே உட்கார்ந்து நிரப்பித் தரலாம். ஒரு மாதக் கூட்டம் முழுவதையும் இதற்கே செலவிடுங்கள், பாட்டு அடுத்த மாதம் பாடிக்கொள்ளலாம்.

வராமல் போன நண்பரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வருத்தம் என்கிறீர்கள். கொஞ்சம் பொறாமையும் இருக்கும், அது தப்பில்லை. ஆனால் அவர் ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா? வாய்ப்புக் கிடைத்தவர் கூட்டத்துக்கு வந்தால் எல்லோரும் தங்கள் டெமோவை அவர் கையில் திணிப்பார்கள். என்னையும் சொல்லிவிடு என்பார்கள். அவருக்கே அங்கே கால் ஊன்றியிருக்காது. சிபாரிசு செய்கிற நிலையில் அவர் இருக்கமாட்டார். உங்களைக் கண்டால் அவருக்குக் குற்ற உணர்வுதான் வரும். யாரும் எதுவும் கேட்கமாட்டோம் என்று சொல்லி அவரைக் கூப்பிடுங்கள். நீங்களே போய்க் கூப்பிடுங்கள், குறுஞ்செய்தியில் வேண்டாம்.

வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள். அவர் போட்ட ஒப்பந்தத்தை. ரகசியம் காக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை அவர் விட்டுவிடட்டும், மீதியைப் பற்றிச் சொல்லட்டும். உரிமையை ஒரேயடியாக எழுதிக் கொடுத்தாரா, குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி மட்டும் கொடுத்தாரா? பணம் ஒரே தடவையா, தொடர்ந்து வருமா? அவர் எழுதிய வரியை மாற்ற வேண்டுமானால் அவரிடம் கேட்பார்களா? வேறு இடத்தில் எழுத அவருக்குத் தடை உண்டா? எந்த இடம் புரியாமல் கையெழுத்துப் போட்டார் என்பதை முக்கியமாகக் கேளுங்கள், அதைச் சொல்லத்தான் அவர் கூச்சப்படுவார். உங்களில் அடுத்து ஒருவருக்கு அழைப்பு வரும்போது எதிரில் ஒரு தாளை நீட்டி, இப்போதே போடுங்கள் என்பார்கள். இரண்டு நாள் டைம் கொடுங்கள், படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டும், படித்துக் காட்ட வழக்கறிஞர் ஒருவரும் வேண்டும். பதினொரு பேர் சேர்ந்து அந்த வழக்கறிஞரின் கட்டணத்தைக் கொடுக்க முடியும். உங்கள் முதல் பொது நிதியை அதற்கு ஒதுக்குங்கள்.

அந்தப் பாட்டின் கீழே விடுபட்ட பெயர்களை இன்றைக்கே சேர்த்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள். அந்த வயலின்காரர் யாரென்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்