எம்1ஏ-வா, ஏஆர்-15-ஆ? 600 கெஜப் போட்டிக்கு எதை வாங்குவது

கேள்வி: அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்து ஊர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, அவர்கள் தரும் துப்பாக்கியில் ஆறு மாதமாகச் சுட்டுப் பழகுகிறேன். ராணுவத் துப்பாக்கி வகைகளை வைத்து நடக்கும் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் இறங்க வேண்டும், என்றாவது ஒரு நாள் தேசியப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரியில் சுட வேண்டும் என்று ஆசை. கிளப்பில் வயதானவர்கள் எம்1ஏ வாங்கச் சொல்கிறார்கள். இளையவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், ஏஆர்-15 வாங்கு என்கிறார்கள். இரண்டையும் வாங்க வசதியில்லை. நான் இடது கைக்காரன் வேறு. எதை வாங்கலாம்?

பதில்: ஏஆர்-15 வாங்குங்கள். இந்த ஒரு வரி போதுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கிளப்பில் அந்தப் பெரியவர்கள் உங்களைச் சும்மா விட மாட்டார்கள், அதனால் காரணங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது வெறும் பழைய நினைப்பும் இல்லை. 1957-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்14-இன் அரைத்தானியங்கி வடிவம்தான் எம்1ஏ. 1990-களின் தொடக்கம் வரை கேம்ப் பெர்ரியில் கொடி கட்டிப் பறந்தது எம்14 வகைதான். அந்தப் பத்தாண்டின் நடுவில் ராணுவத்தின் சொந்த அணியே எம்16-க்கு (அதன் பொதுமக்கள் வடிவம்தான் ஏஆர்-15) மாறி, சின்னக் குண்டை வைத்து 600 கெஜத்தில் ஜெயித்துக் காட்டியது. அப்புறம் ஒவ்வொருவராக மாறினார்கள். உங்கள் கிளப் பெரியவர்கள் மாறாமல் நின்றவர்கள், அவ்வளவுதான்.

முதலில் போட்டியைப் பார்ப்போம், துப்பாக்கி அப்புறம். இந்தப் போட்டிகளில் சுடும் நேஷனல் மேட்ச் கோர்ஸ் என்பது 50 குண்டு, 500 புள்ளி. 200 கெஜத்தில் நின்றுகொண்டு நிதானமாக 10. அதே தூரத்தில் உட்கார்ந்து வேகமாக 10. 300 கெஜத்தில் படுத்து வேகமாக 10. கடைசியாக 600 கெஜத்தில் படுத்து, ஒவ்வொன்றாக 20. வேகச் சுற்றில் ஒரு நிமிட அளவுதான் நேரம். அதற்குள் 2 தோட்டா உள்ள மேகசினைச் சுட்டு, கழற்றி, 8 தோட்டா உள்ளதை மாட்டிச் சுட வேண்டும். அதென்ன 2, 8 என்று கேட்டால், பழைய எம்1 கராண்ட் துப்பாக்கியின் கிளிப்பில் 8 தோட்டாதான் பிடிக்கும். அந்தத் துப்பாக்கி ராணுவத்தை விட்டுப் போய்விட்டது, கணக்கு மட்டும் நிற்கிறது.

இலக்கின் அளவையும் கவனியுங்கள். 200, 300 கெஜ இலக்குகளில் பத்துப் புள்ளி வட்டம் 7 அங்குலம். 600 கெஜத்தில் 12 அங்குலம். ரேஞ்சில் எம்ஓஏ என்று ஒரு அளவு பேசுவார்கள்: 100 கெஜத்துக்குச் சுமார் ஒரு அங்குலம். அந்தக் கணக்கில் 600 கெஜ வட்டம் 2 எம்ஓஏ, 200 கெஜ வட்டம் மூன்றரை. நல்ல எம்1ஏ-வும் நல்ல ஏஆர்-உம் ஒரு எம்ஓஏ அருகில் அடிக்கும். ஆக, "எது துல்லியம்?" என்று கிளப்பில் மணிக்கணக்காக நடக்கும் சண்டைக்கு இங்கே பெரிய அர்த்தம் இல்லை. புள்ளி போவது பெரும்பாலும் நின்று சுடும் முதல் பத்தில். அங்கே ஆடுவது துப்பாக்கி இல்லை, நாம்.

அந்த ஆட்டம் அடங்க ஒரே வழி நிறையச் சுடுவது. எம்1ஏ தோற்பதும் இந்த இடத்தில்தான். அதன் .308 தோட்டா தோளில் உதைக்கும் உதை, ஏஆர்-15-இன் .223-ஐப் போல மூன்று நான்கு மடங்கு. ஒரு குண்டுக்கு ஒன்றும் தெரியாது. எண்பது குண்டு போன பிறகு உடம்பு தானாகவே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும்: டிரிகர் விழுவதற்கு ஒரு கணம் முன்னால் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். என் முதல் கோடைக்காலம் முழுவதும் கடன் வாங்கிய எம்1ஏ-வோடுதான் போனது. குண்டுகள் வலது பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தன. குறிபார்க்கும் சைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நண்பர் எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை நடுவில் சேர்த்துவைத்தார். டிரிகரை அழுத்தினேன், சத்தம் வரவில்லை, துப்பாக்கி முனை மட்டும் அரை அடி குனிந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பழக்கம் போக ஒரு வருடம் ஆனது.

செலவும் அதே பக்கம்தான் சாய்கிறது. போட்டித் தரமான .308 தோட்டா, .223-ஐவிட எப்போதும் விலை கூடுதல். துப்பாக்கியில் மிச்சம் பிடித்துத் தோட்டாவில் விடுவதும், தோட்டாவுக்குக் காசில்லாமல் பயிற்சியைக் குறைப்பதும் நான் நிறையப் பார்த்த கதைகள்.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். எம்1ஏ-வின் இரும்புப் பகுதி மரக் கட்டையில் உட்காரும். அது துளியும் அசையாமல் இருந்தால்தான் துல்லியம். அதற்காக இடைவெளியில் பிசின் ஊற்றி இறுக்குவார்கள், பெட்டிங் என்று பெயர். சில ஆயிரம் குண்டில் அது தளரும். சுத்தம் செய்ய அடிக்கடி கட்டையிலிருந்து கழற்றினால் இன்னும் சீக்கிரம் தளரும். மழைக்கால ஈரத்துக்கு மரமும் தன் பங்குக்கு முறுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்த கைகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. ஏஆர்-இல் குழலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறை குழலைத் தொடாமல் நிற்கும்படி அமைக்கலாம். துப்பாக்கியைக் கையோடு கட்டும் ஸ்லிங் வாரை எவ்வளவு இறுக்கி இழுத்தாலும் குழல் வளையாது. 600 கெஜத் துல்லியம் போய்விட்ட குழலை வீட்டு மேஜையில் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

"600 கெஜத்தில் காற்று அந்தச் சின்னக் குண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 55 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டுக்கு அது உண்மை. ஆனால் இந்தப் போட்டியில் யாரும் அதைச் சுடுவதில்லை. 200, 300-க்கு மேகசினில் அடங்கும் 77 கிரெயின். 600-க்கு 80 கிரெயின், நீளமான குண்டு, மேகசினில் நுழையாது, ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். அந்த 80 கிரெயினும் .308-இன் 168 கிரெயினும் காற்றில் ஏறக்குறைய ஒரே அளவுதான் நகரும். 80 கிரெயினுக்குத் தோட்டாவை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். முதல் வருடம் அந்தத் தொல்லை வேண்டாம், கடையில் கிடைக்கும் 77-ஐயே 600-க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஆர் என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். கடையில் தொங்கும் 16 அங்குலக் குட்டைத் துப்பாக்கி இதற்கு ஆகாது. 20 அங்குலக் குழல் கேளுங்கள். குழலுக்குள் ஓடும் முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றோ அதைவிட நெருக்கமாகவோ இருக்க வேண்டும். 9 அங்குல முறுக்கில் 77 கிரெயின் நம்பகமாக நேரே போகாது. டிரிகர் இரண்டு கட்டமாக விழுவதாகவும், விதிப்படி குறைந்தது நாலரை பவுண்டு எடையைத் தாங்குவதாகவும் இருக்கட்டும். 2016-இலிருந்து நாலரை மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பும் அனுமதி, அப்போது துப்பாக்கி மொத்தம் பதினொன்றரை பவுண்டைத் தாண்டக்கூடாது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இந்த விதி பெரிய வரம். ஏஆர்-இன் தட்டையான மேல்பகுதியில் ஸ்கோப்பை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. எம்1ஏ-வில் அது பக்கவாட்டில் தொங்கும் தாங்கியில் உயரமாக ஏறி நிற்கும், கன்னம் கட்டையில் படியாது. எம்1ஏ-வின் பழைய இரும்பு சைட் அருமையானது என்பதை மறுக்கவில்லை. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 27 அங்குலம், ஏஆர்-இல் 20-தான். இரும்பு சைட்டில் மட்டும் சுடுவேன் என்று சபதம் எடுத்தவருக்கு அது பெரிய விஷயம்.

நாளைக்கு எம்1ஏ மேல் ஆசை வந்தால் தப்பில்லை. 200 கெஜத்தில் 30 குண்டுக்கு நடக்கும் மாடர்ன் மிலிட்டரி போட்டி அதற்குப் பொருத்தமான இடம். அப்போது ஒன்று மட்டும்: தோட்டாவை நேராகக் குழலின் பின்முனை அறைக்குள் கையால் போட்டு, அதை அடைக்கும் போல்ட்டை அடித்து மூடவே கூடாது. கராண்டிலும் எம்14 வகையிலும் சுடும் ஊசி தளர்வாக நிற்கும். போல்ட் வேகமாக வந்து மூடும்போது அந்த ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவைத் தானே வெடிக்க வைக்கலாம். ஒற்றைத் தோட்டாவானாலும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள். ஏஆர்-இலும் ஊசி தளர்வுதான், எடை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு.

சட்டத்தில் உங்களுக்கே நேரடியாகச் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். கிரீன் கார்டு உள்ளவர் கடையில் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனைக்குப் பிறகு துப்பாக்கி வாங்கலாம். ஆனால் போட்டிகளை நடத்தும் சிஎம்பி அமைப்பு விற்கும் பழைய ராணுவ கராண்ட் குடிமக்களுக்கு மட்டும்தான், அதற்கு விண்ணப்பம் போட்டு ஏமாற வேண்டாம். இன்னொன்று: எச்1பி-யிலோ மாணவர் விசாவிலோ இருக்கும் மைத்துனர் பார்க்க வருவார், "ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்க்கட்டுமா" என்பார். வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு அவரிடம் இல்லாவிட்டால், ரேஞ்சில் துப்பாக்கியைக் கையில் வாங்குவதே அவருக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகலாம். முகத்துக்காகக் கொடுத்துவிடாதீர்கள். வேலை மாறி கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் போன்ற மாநிலங்களுக்குப் போவதாக இருந்தால், பெட்டி கட்டும் முன் அங்குள்ள சட்டத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஆர்-க்கு அங்கெல்லாம் கெடுபிடி அதிகம், எம்1ஏ-வும் தானாகத் தப்பிவிடாது.

கடைசியாக இடது கை. இரண்டுமே சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாவை வலது பக்கம்தான் வீசும், அதாவது உங்கள் முகத்துக்கு முன்னால். ஏஆர்-இல் அது வெளியேறும் இடத்துக்குப் பின்னால் ஒரு முக்கோண மேடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது தோட்டாவை முகத்தில் படாமல் திருப்பிவிடும். மற்றபடி உங்களுக்கு லாபமும் உண்டு: போல்ட்டை விடுவிக்கும் பொத்தான் இடது பக்கம் இருப்பதால், பிடியை விடாமல் சுட்டுவிரலாலேயே தட்டிவிடலாம். காலர் பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உட்கார்ந்து சுடும் சுற்றில் இடது பக்கத்துக்காரரின் சூடான வெற்றுத் தோட்டா கழுத்துக்குள் விழும், இன்றில்லாவிட்டால் நாளை. குதிக்கத் தோன்றும். துப்பாக்கி முனை இலக்கை விட்டு நகராமல், விரலை டிரிகரிலிருந்து எடுத்து, லாக்கைப் போட்டு, மெதுவாகக் கீழே வையுங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.