கல்லூரியில் படிக்கும் என் மகன் டாட்டூ போட அடம்பிடிக்கிறான். நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்கிற காரியமா இது? எப்படித் தடுப்பது?

உங்கள் மகனுக்கு 19, 20 வயது இருக்கும் என்று நினைக்கிறேன். 'நல்ல குடும்பத்துப் பிள்ளை' என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு முன்கையிலும் கோலம் போலப் பச்சை. சின்ன வயதில், ஊருக்கு வந்த குறத்தி குத்திவிட்டதாம். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிய விட்டு, மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்களாம். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் அதுதான் மை. அப்பத்தாவின் குடும்பத்தை யாரும் குறை சொன்னதில்லை. அதே ஊரில் என் தம்பி கையில் மை ஏறியதும் 'ரவுடி' என்றார்கள்.

அவன் குத்தியது அம்மா பெயரை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மூத்திரப்பை மாற்றியது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் அவன்தான். ஒரு ராத்திரிகூட ஆஸ்பத்திரியில் வந்து உட்காராத சொந்தக்காரர்கள், பதினாறாம் நாள் காரியத்தில் இலையில் கை வைத்துக்கொண்டே அவன் ஒழுக்கத்தைப் பேசினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அவனுக்குத் துணை ராணுவத்தில் சேர ஆசை. எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தாண்டினான். மருத்துவப் பரிசோதனையில் கையைப் பார்த்துவிட்டு 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்கள். பெயர் குத்தியது குற்றமில்லை. பெயருக்கும் மதச் சின்னத்துக்கும் விதியிலேயே அனுமதி உண்டு. முன்கையின் உள்பக்கம் என்றால் அது சல்யூட் அடிக்காத இடது கையாக இருக்க வேண்டும். அளவும் அந்தப் பாகத்தில் கால்வாசிக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவனுக்கு வலது முன்கை. பயிற்சி மையத்தில் பணம் வாங்கிக்கொண்டு தினமும் காலையில் அந்தக் கையைப் பார்த்தவர்களில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். மார்பளவை மட்டும் வாரம் தவறாமல் அளந்தார்கள்.

இப்போது லேசர் வைத்து அழிக்கிறான். கறுப்பு மை என்பதால் மற்ற நிறங்களைவிடச் சுலபமாம். அப்படியும் ஒரே தடவையில் போகாது. ஒவ்வொரு முறையும் தோல் கொப்பளித்து ஆற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எழுத்து மங்கியிருக்கிறது, ஆனால் வெளிச்சத்தில் காட்டினால் இன்னும் படிக்கலாம். அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு தாண்டிவிடுமோ என்ற பயம் வேறு.

இதைச் சொன்னால் நான் டாட்டூவுக்கு எதிரி என்பார்கள். அப்பத்தா கதையைச் சொன்னால் பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்பார்கள். இரண்டும் இல்லை. குத்துவதும் குத்தாததும் அவரவர் விருப்பம். அதை வைத்துக் குடும்பத்தை எடைபோடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் மானம், மரியாதை என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த வேலைக்குப் போகப்போகிறான் என்று கேளுங்கள். சீருடை வேலை என்றால் அறிவிக்கையில் மருத்துவத் தகுதிப் பகுதியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ராணுவத்துக்கு ஒரு விதி, துணை ராணுவத்துக்கு இன்னொரு விதி. அப்புறமும் வேண்டும் என்றால் நீங்களே கூடப் போங்கள். ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், மையையும் புதுக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் வரலாம். திருவிழாக் கடையில் மட்டும் வேண்டாம்.

ரத்ததானம் செய்கிற பிள்ளை என்றால் இதையும் சொல்லிவையுங்கள்: குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது.