கேள்வி – பதில்: தாமதமாக வரும் கெர்னல் செய்திகள்

கேள்வி: நான் பராமரிக்கும் லினக்ஸ் சர்வரின் சீரியல் கன்சோலில் (செய்திகள் கம்பி வழியே வெளிவரும் இணைப்பில்) வரும் அனைத்தையும் வேறொரு கணினியில் சேமித்து வருகிறேன். அண்மையில் ஒரு டிரைவர் நூற்றுக்கணக்கில் பிழைச் செய்திகளைக் கொட்டியது. அவற்றின் நடுவே வட்டுப் பிழை பற்றிய ஒரு வரியும் வந்தது. சேமிக்கும் கணினியின் கடிகாரப்படி அந்த வரி வந்து சேர்ந்த நேரம், அதன் தொடக்கத்தில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) குறித்திருந்த நேரத்தைவிட ஏறத்தாழ 4 விநாடி பிந்தியிருந்தது. எதை நம்புவது?

பதில்: சதுர அடைப்புக்குள் கெர்னல் குறித்த நேரத்தையே நம்புங்கள். லினக்ஸ் கெர்னலில் செய்தியைப் பதிவு செய்வது ஒரு வேலை, அதைக் கன்சோலுக்கு அனுப்புவது வேறு வேலை. செய்தி எழுதும் கெர்னல் செயற்கூறான பிரின்ட்-கே அழைக்கப்பட்டவுடன் செய்தி நினைவகத்தில் உள்ள வளைய பஃபரில் (நிறைந்தால் பழையவற்றின் மேலேயே எழுதும் இடத்தில்) எழுதப்படுகிறது; நேரமும் அப்போதே குறிக்கப்படுகிறது. அதைக் கன்சோலுக்கு அனுப்பக் கன்சோல் பூட்டு (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டுமே அனுமதிக்கும் கட்டுப்பாடு) வேண்டும். அந்தப் பூட்டு வேறொரு பிராசஸரிடம் இருந்தால், செய்தியை எழுதிய பிராசஸர் பெரும்பாலும் காத்திராமல் தன் வேலைக்குத் திரும்பிவிடும். பூட்டை வைத்திருக்கும் பிராசஸர்தான் வரிசையில் நிற்கும் செய்திகளை அனுப்ப வேண்டும்; சில வேளைகளில் அந்தப் பணி காத்திருக்கும் இன்னொரு பிராசஸருக்குக் கைமாறும்.

உங்கள் 4 விநாடிக்குக் கணக்கு எளிது. உங்கள் சீரியல் இணைப்பு 115200 பாடு வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட்டுகள் செலவாவதால், விநாடிக்கு 11,520 எழுத்துகளுக்கு மேல் போகாது. 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்கு ஏறத்தாழ 7 மில்லி விநாடி ஆகும். ஆக, உங்கள் வட்டுப் பிழைக்கு முன்னால் 570 வரிகள் காத்திருந்தாலே 4 விநாடி ஓடிவிடும். வட்டு தாமதமாகப் பதில் சொன்னது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், கம்பியில்தான் நெரிசல்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கெர்னல் குறிக்கும் எண், கணினி தொடங்கியதிலிருந்து கழிந்த விநாடிகளைக் காட்டுவது. கணினி உறக்க நிலைக்குப் போய் மீண்டிருந்தால், அதை நாள், மணியாக மாற்றிக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கணக்கு பிசகும்.

கேள்வி: கெர்னல் நிரலாக்கம் பயின்று வருகிறேன். எந்தப் பணி எப்போது ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் பகுதியில் சாதாரண பிரின்ட்-கேக்குப் பதிலாக, ‘பிரின்ட்-கே டிஃபர்டு’ என்ற தனி வடிவத்தைப் பயன்படுத்தியிருப்பதைப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு செய்தியை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

பதில்: தள்ளிப்போடாவிட்டால் கணினி அங்கேயே நின்றுவிடக்கூடும் என்பதால்தான். ஷெட்யூலர் ஒரு பிராசஸரின் ரன்-க்யூ (ஓடக் காத்திருக்கும் பணிகளின் வரிசை) பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு எச்சரிக்கை ஒன்றைச் சொல்ல விரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிரின்ட்-கே, கன்சோல் பூட்டை எடுத்து, செய்தியை அனுப்பி, பூட்டை விடுவிக்கும். அது ஒரு செமஃபோர் (காத்திருப்பவர் தூங்கக்கூடிய பூட்டு வகை) என்பதால், அதற்காக யாராவது தூங்கிக்கொண்டு காத்திருந்தால், விடுவிக்கும்போது அவரை எழுப்ப வேண்டும். எழுப்புவது ஷெட்யூலரின் வேலை. அதற்கு ரன்-க்யூ பூட்டு வேண்டும். அந்தப் பூட்டையோ இதே பிராசஸர் முன்பே பிடித்து வைத்திருக்கிறது. தான் பிடித்திருக்கும் பூட்டுக்குத் தானே காத்து நிற்கும் இந்த டெட்லாக்கிலிருந்து மீள வழி கிடையாது.

எனவே தள்ளிப்போடும் வடிவம், செய்தியை பஃபரில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறது. கன்சோல் பக்கம் போவதே இல்லை. அனுப்பும் பணியை ‘ஐஆர்க்யூ ஒர்க்’ என்ற வசதியிடம் ஒப்படைக்கிறது. இன்டரப்டுகள் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞைகள்) மீண்டும் அனுமதிக்கப்பட்டு, பூட்டுகள் விடுபட்ட பின்னர் அது கன்சோலை எழுப்பும். செய்தி திரைக்கு வருவதில்தான் தாமதம், பதிவாவதில் இல்லை என்பதை இங்கேயும் மனத்தில் வையுங்கள்.

பதிவாவதிலேயே தாமதம் இருந்த காலமும் உண்டு. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. முன்பு வளைய பஃபருக்கே ஒரு பூட்டு இருந்தது. எந்த நேரத்திலும் குறுக்கிடக்கூடிய, மறைக்க முடியாத இன்டரப்ட் ஒன்று அந்தப் பூட்டுக்காகக் காத்திருப்பது ஆபத்து என்பதால், அத்தகைய இடங்களிலிருந்து வரும் செய்திகளை பிராசஸருக்கு ஒன்றாக வைத்த சிறு தற்காலிக பஃபர்களில் போட்டுப் பிறகு முதன்மை பஃபருக்கு மாற்றினார்கள். அவற்றில் உரை மட்டுமே இருந்ததால், மாற்றிய நேரமே நிகழ்ந்த நேரமாகக் குறிக்கப்பட்டது. பிழை எப்போது நடந்தது என்று தேடுபவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. 2020 டிசம்பரில் வெளியான 5.10 பதிப்பில், பூட்டே தேவைப்படாத புதிய வளைய பஃபர் சேர்க்கப்பட்டது. அதன் பயனாக 2021-இல் வந்த 5.15 பதிப்பில் அந்தத் தற்காலிக பஃபர்கள் நீக்கப்பட்டன. பல ஆண்டு உழைப்பில் விளைந்த இந்த மாற்றத்தை மாணவர்கள் மூலநிரலிலேயே படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: ‘இத்தனை செய்திகள் விடுபட்டன’ என்று கன்சோலில் வருகிறதே?

பதில்: கன்சோல் படித்து முடிப்பதற்குள் வளைய பஃபர் ஒரு சுற்று சுற்றி, பழைய செய்திகளின் மேல் புதியவற்றை எழுதிவிட்டது என்று பொருள். ‘லாக் பஃப் லென்’ என்ற தொடக்க அளவுருவால் பஃபரைப் பெரிதாக்கலாம். அதைவிட, செய்திகளைக் கொட்டும் டிரைவரைச் சரிசெய்வதே முறை.

கேள்வி: கணினி செயலிழந்து நிற்கும்போது, காரணத்தைச் சொல்லும் கடைசி வரிகள் மட்டும் கன்சோலில் வருவதில்லை. அவற்றையும் கெர்னல் தள்ளிப்போட்டுவிடுகிறதா?

பதில்: தள்ளிப்போடுவதில்லை. பேனிக் (மீள முடியாத பிழையால் கெர்னல் நின்றுவிடும் நிலை) நேர்ந்தால், எஞ்சிய செய்திகளை அங்கேயே, அப்போதே அனுப்பக் கெர்னல் முயலும். ஆனால் கன்சோல் பூட்டையோ, டிரைவரின் பூட்டையோ வைத்திருந்த பிராசஸர் நடுவழியில் நிறுத்தப்பட்டிருந்தால், பூட்டை மீறித்தான் எழுத வேண்டும். அது எப்போதும் பலிப்பதில்லை. 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் நிலைமை முன்னேறியிருக்கிறது. புதிய முறைக்கு மாற்றி எழுதப்பட்ட கன்சோல் டிரைவர்களுக்கு, வழக்கமான செய்திகளைத் தனி த்ரெட் (தனியே ஓடும் பணி) ஒன்று அனுப்புகிறது. பேனிக் நேரத்திலோ, அதற்குரிய பிராசஸர் அந்தத் த்ரெட்டிடமிருந்து கன்சோலைப் பாதுகாப்பாகப் பறித்துக்கொண்டு தானே எழுதலாம். மாற்றி எழுதப்படாத டிரைவர்களுக்குப் பழைய நிலைதான்.

ஆகவே உங்கள் சர்வரில் பிஸ்டோர் வசதியை இயக்கி வையுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகும் அழியாத நினைவகத்தில் கடைசிச் செய்திகளை அது எழுதி வைக்கும். கேடம்ப் அமைக்க இடமிருந்தால் அதுவும் நல்லது. பேனிக்கின்போது இரண்டாவது கெர்னல் ஒன்று எழுந்து, முதல் கெர்னலின் நினைவகத்தைச் சேமித்துத் தரும். கன்சோலுக்கு வந்து சேராத வரிகளும் வளைய பஃபரோடு அதில் கிடைக்கும்.