22 வருடக் கிளப் கிரிக்கெட்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஆடுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. ஆடிய காலத்தில் பெரும்பாலும் மித வேகப் பந்து வீச்சுதான், மட்டை பிடிக்க ஒன்பதாவது ஆளாக இறங்குவேன், கடைசி நான்கு வருடம் முழங்கால் இடம் கொடுக்காததால் ஆஃப் ஸ்பின். எங்கள் கிளப்பின் பழைய ஸ்கோர் புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. பதில் எழுதுமுன் அவற்றை எடுத்துப் புரட்டினேன், அதனால் சில பதில்கள் நானே எதிர்பார்க்காத பக்கம் போயிருக்கின்றன.

கேள்வி: அண்ணா, நீங்கள் எடுத்ததிலேயே மறக்க முடியாத விக்கெட் எது?

ஒரு தொடக்க ஆட்டக்காரருடையது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் எதையும் தொடமாட்டார், அப்படி ஒரு பொறுமை. வருடா வருடம் எங்களுக்கு எதிராக நாற்பது ஐம்பது அடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு இரண்டாவது ஓவர் முடிந்ததும் எங்கள் கீப்பர் என்னிடம் ஓடி வந்து, "அவர் பந்தைப் பார்த்து விடவில்லை, நீ எங்கே நின்று வீசுகிறாய் என்று பார்த்தே விட்டுவிடுகிறார்" என்றார். எனக்கு அது தெரியவே இல்லை, ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். சரி என்று அடுத்த இரண்டு ஓவரையும் ஸ்டம்பை ஒட்டி வந்து வெளியே போகும் பந்தாகவே போட்டேன், பன்னிரண்டையும் விட்டார். அதற்கடுத்த ஓவரின் நான்காவது பந்தை கிரீஸின் ஓரத்திலிருந்து, விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைத்து, ஸ்விங் ஆகாதபடி வீசினேன். கோணத்திலேயே உள்ளே வந்தது. மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார், ஆஃப் ஸ்டம்ப் சாய்ந்தது.

புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே 'பவுல்டு' என்று போட்டு என் பெயர் இருக்கிறது. கீப்பர் பெயர் இல்லை. கேட்ச் பிடித்தால், ஸ்டம்பிங் செய்தால்தான் கீப்பர் பெயரை எழுதுவார்கள். ஆனால் அந்த விக்கெட்டில் பாதிக்கு மேல் அவருடையது.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது சார். புதுப் பந்து கொடுத்தாலும் எனக்கு ஸ்விங் ஆவதில்லை. வேகம் போதவில்லையா?

வேகம் தாராளமாகப் போதும் தம்பி. புதுப் பந்து நன்றாக வளைவது மணிக்கு 110 கிலோமீட்டர் பக்கத்தில்தான், அது கிளப் ஆட்டக்காரர்களின் வேகம். கோளாறு மணிக்கட்டில் இருக்கும். தையல் நிமிர்ந்து, தள்ளாடாமல் போகிறதா என்று பார். அவுட் ஸ்விங்குக்குத் தையலை ஸ்லிப் பக்கம் சுமார் 20 டிகிரி திருப்பி, பளபளப்பான பக்கத்தை லெக் பக்கம் வைக்க வேண்டும். தையல் இருக்கும் பக்கத்தில் காற்று அதில் தடுக்கிக் கலங்கி, பந்தின் மேற்பரப்பை ஒட்டியே அதிக தூரம் போகிறது, மறுபக்கத்தில் சீக்கிரமே விலகிவிடுகிறது. இந்த வித்தியாசம்தான் பந்தைத் தையல் காட்டும் திசையில் தள்ளுகிறது. தையல் தள்ளாடினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும், பந்து நேராகப் போகும்.

நான் செய்த பயிற்சி ஒன்று சொல்கிறேன். பழைய பந்தின் ஒரு பாதிக்கு வெள்ளை டேப் ஒட்டி, பத்து கஜ தூரத்தில் நண்பனை நிறுத்தி, ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே வீசு. வெள்ளை ஒரே பக்கம் தெரிந்தால் மணிக்கட்டு சரி, வெள்ளையும் சிவப்பும் கலந்து மின்னினால் விரல் ஒரு பக்கமாக வழுக்குகிறது. ஒரு மாதம் தினமும் ஐம்பது பந்து போட்டுப் பார். அப்புறம், பந்தில் எச்சில் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு, 2022 முதல் விதிகளிலேயே தடை. வியர்வை போதும்.

கேள்வி: அரையிறுதியில் ஒரு கேட்ச் விட்டுவிட்டேன், தோற்றோம். மூன்று வாரமாகியும் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. நீங்கள் மூன்று வாரமாகச் சுமப்பதை நான் பதினான்கு வருடம் சுமந்தேன்.

எனக்கும் அரையிறுதிதான். மிட் ஆனில், அதாவது பந்து வீசுபவருக்குப் பக்கவாட்டில், நிற்கிறேன், பந்து உயரமாகப் போகிறது, எனக்குத்தான் என்று கத்திவிட்டேன், கீழே வந்து நின்றும்விட்டேன். உள்ளங்கையில் பட்டு வெளியே விழுந்தது. அந்த மட்டையாளர் அதற்கப்புறம் எங்களைப் பிரித்து மேய்ந்தார், ஆட்டத்தையே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார் என்றுதான் என் நினைவில் இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு பல வருடம் மிட் ஆனில் நிற்கச் சொன்னால் வயிற்றைப் பிசையும்.

இந்தப் புத்தகங்கள் என்னிடம் வந்ததும் முதலில் தேடியது அந்தப் பக்கத்தைத்தான். கேட்ச் விட்டதைப் புத்தகத்தில் குறிக்கமாட்டார்கள், ஆனால் அது எங்கள் இடது கை ஸ்பின்னரின் கடைசி ஓவர், பந்து விழுந்ததும் ஒரு ரன் ஓடினார்கள், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு அந்த மட்டையாளர் எடுத்தது 9 ரன். ஒன்பதுதான். மூன்று ஓவர் கழித்து அவுட். பக்கத்தின் அடியில் உதிரிகள் என்ற வரியில் 27 ரன் இருந்தது, அதில் 16 வைடு. வைடு ஒரு ரன்னைக் கொடுத்து, இன்னொரு பந்தையும் கொடுக்கிறது, அதாவது எதிரணிக்கு 16 ரன்னும் இரண்டரை ஓவருக்கு மேலும் சும்மா கொடுத்திருக்கிறோம். அந்த 16-இல் ஐந்து நான் போட்டவை. அந்த ஐந்தில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

உங்கள் ஆட்டத்தின் புத்தகம் யாரிடம் இருக்கிறதோ கேட்டு வாங்கி, உட்கார்ந்து ஒரு தடவை பந்து பந்தாகப் படியுங்கள். உங்கள் கேட்ச்தான் காரணம் என்று அது சொன்னாலும் சொல்லலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இரவில் தலையணையில் ஓடும் ஆட்டமும் புத்தகத்தில் இருக்கும் ஆட்டமும் ஒன்றாக இருக்காது என்று நினைக்கிறேன். பயிற்சியில் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் இருபது பந்து பிடியுங்கள். அதை நான் செய்யாமல் விட்டேன், மிட் ஆனைத் தவிர்த்துக்கொண்டே இருந்தேன், அதனால்தான் அத்தனை வருடம் நீடித்தது.

கேள்வி: எங்கள் ஆட்டங்களில் தனி அம்பயர் கிடையாது, மட்டை பிடிக்கும் அணியின் ஆட்களே மாறி மாறி நிற்கிறோம். சொந்த அணிக்காரருக்கு எல்.பி.டபிள்யூ (ஸ்டம்பில் படவிருந்த பந்து காலில் பட்டு அவுட் ஆவது) கொடுப்பீர்களா?

கொடுத்திருக்கிறேன், எங்கள் கேப்டனுக்கே. அவர் நாற்பது சொச்சத்தில் இருந்தார். நேராக விழுந்த பந்து, பின்கால் முட்டிக்குக் கீழே, ஸ்டம்புக்கு நேரே பட்டது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழவில்லை, படும்போது கால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேயும் இல்லை, மட்டையில் படவும் இல்லை. எந்தச் சாக்கும் இல்லாத அவுட், விரலைத் தூக்கினேன். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, நெருக்கமான ஒரு ஆட்டத்தில், "நீ போய் நில்" என்று அம்பயர் அங்கியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

கொடுக்காமல் விட்டதும் ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நண்பன் 48-இல் இருந்தான், அதற்கு முன் அவன் ஐம்பது அடித்ததே இல்லை. மட்டையின் ஓரத்தில் பட்ட சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது, கீப்பர் பிடித்தார், பதினொரு பேரும் கத்தினார்கள், நான் தலையை ஆட்டினேன். அடுத்த ஓவரில் ஐம்பது போட்டான். பந்து வீசியவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைக் கடந்து போகும்போது முகத்தை மட்டும் பார்த்தார். அந்த ஐம்பது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் இன்றுவரை நிதானமாகப் பார்த்ததில்லை. அதனால் என் பதில்: கொடுங்கள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் மட்டும் மட்டையாளர் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: பந்து வீசுமுன் கிரீஸைத் தாண்டி ஓடும் எதிர்முனை ஆட்டக்காரரை ரன் அவுட் செய்வது சரியா? எங்கள் கிளப்பில் இதனால் சண்டையே வந்துவிட்டது.

விதிப்படி சரி, என் மனதுக்கும் சரி. 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்ட்டில் இந்தியாவின் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கியபோது கிளம்பிய சர்ச்சை இன்றைக்கும் ஓயவில்லை. ஆனால் அப்போது ஆஸ்திரேலியக் கேப்டனாக இருந்த பிராட்மேனே மன்கட் செய்ததில் தவறில்லை என்றுதான் சொன்னார். 2022-இல் இதை முறையற்ற ஆட்டம் என்ற 41-ஆம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கான 38-ஆம் விதியில் சேர்த்துவிட்டார்கள். முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று விதியில் இல்லை. நான் எப்போதும் ஒரு தடவை சொல்லிவிடுவேன், அது என் பழக்கம். சொல்லாமல் செய்தவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு கஜம் முன்னால் கிளம்புபவர் ஒரு கஜம் குறைவாக ஓடுகிறார், அவ்வளவுதானே கணக்கு.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. தோல் பந்தில் ஆட ஆரம்பிக்கிறாள். ஹெல்மெட் கட்டாயமா? உங்கள் காலத்தில் போடாமல்தானே ஆடினீர்கள் என்கிறார் என் அண்ணன்.

போடாமல் ஆடினோம் அம்மா, அதனால்தான் சொல்கிறேன், கட்டாயம். எங்கள் அணியில் ஒருவருக்கு மேட்டிங் பிட்ச்சில் எகிறிய பந்து கன்ன எலும்பை உடைத்தது. வீசியவர் அப்படி ஒன்றும் வேகமானவர் இல்லை. டெஸ்ட் ஆட்டத்தில் ஹெல்மெட் போட்டு இறங்கிய முதல் ஆள் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப், 1978-இல். அதற்கு நூறு வருடம் முன்பிருந்தே டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது, அத்தனை காலமும் தலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடியதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய மட்டையாளர் ஃபிலிப் ஹியூஸ் இறந்தது ஹெல்மெட் போட்டிருந்தும்தான், பந்து அது மறைக்காத கழுத்துப் பகுதியில் பட்டது. அதனால் பின்கழுத்துக் காப்பும் சேர்த்தே வாங்குங்கள். கம்பிக்கும் முன்விளிம்புக்கும் நடுவே பந்து நுழையக் கூடாது, கடையிலேயே பந்தை வைத்துப் பாருங்கள். பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போட வேண்டாம். இன்னொன்று, அவள் வயதுக்குரிய பந்து 133 முதல் 144 கிராம், பெரிய ஆண்கள் ஆடுவது 155.9 முதல் 163 கிராம். பயிற்சியில் எதைக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள், பெரியவர்கள் பந்தைக் கொடுத்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: இன்றைய மட்டைகளால்தான் சிக்ஸர் பறக்கிறது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. 2017-இல் மட்டையின் ஓரம் 40 மில்லிமீட்டர், தடிமன் 67 மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்த காரணமே அதுதான். ஆனால் கிளப் மைதானத்தில் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மேலே போகவில்லையே என்ற வருத்தம் உண்டா?

உண்டு. ஒரு தேர்வுக்குப் போனேன், ஆறு பந்து போடச் சொன்னார்கள், ஆறும் சுமாராக விழுந்தன, பெயர் வரவில்லை. வீசிய ஆறும் என்னுடையவைதான், அதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. வருத்தம் ஐந்தாறு வருடம் இருந்தது. அப்புறம் எப்போது போனது என்று கவனிக்கவில்லை, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பிட்ச்சை உருட்டிக்கொண்டிருந்தபோது அது இல்லை என்று தெரிந்தது.

கேள்வி: என் கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மைதானத்தில். சண்டை போட்டு அலுத்துவிட்டது. உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள்?

நான் சமாளிக்கவில்லை சகோதரி, என் மனைவிதான் சமாளித்தார், அது நியாயமும் இல்லை. நான் போவதை அவர் ஒருநாளும் தடுக்கவில்லை. நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு வந்ததுதான் அவரைக் காயப்படுத்தியது, அதுவும் ஒவ்வொரு வாரமும். ஆட்டம் நாலு மணிக்கு முடியாது என்று எனக்குக் காலையிலேயே தெரியும். ஒருநாள் அதை அப்படியே கேட்டார், என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் உண்மையான நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், மாதத்தில் ஒரு ஞாயிறு ஆடுவதில்லை என்று நானே கேப்டனிடம் பெயரைக் கொடுத்தேன். உங்கள் கணவரிடம் கிரிக்கெட்டை விடச் சொல்ல வேண்டாம், திரும்பும் நேரத்தை மட்டும் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: கடைசி ஆட்டம் என்று தெரிந்தே ஆடினீர்களா?

தெரிந்துதான். யாரிடமும் சொல்லவில்லை. அன்று எங்களிடம் ரன் குறைவு, தோற்பது உறுதி, இருந்தாலும் கேப்டன் எனக்கு ஆறு ஓவர் கொடுத்தார். கடைசி ஓவரில் எதிரே இருந்தது இருபது வயதுப் பையன், ஆறு பந்தையும் முன்காலை நீட்டித் தடுத்தான். விக்கெட் இல்லை.

முடிந்ததும் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் போனேன். அன்று எழுதியது புதிதாகச் சேர்ந்த பையன், ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி என ஆறு புள்ளிகளை மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் வைத்து அப்படியே விட்டிருந்தான். ரன் கொடுக்காத ஓவர் என்றால் அந்த ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில 'எம்' போல ஆக்க வேண்டும், விக்கெட்டும் விழுந்திருந்தால் தலைகீழாக 'டபிள்யூ' போல, என்று காட்டிக் கொடுத்தேன். பேனாவை வாங்கி நானே போடலாமா என்று தோன்றியது, போடவில்லை. அவனே இணைத்தான். இப்போது அந்தப் பக்கம் என் மேசையில் திறந்திருக்கிறது, கோடு நான்காவது புள்ளியில் கொஞ்சம் தவறி வெளியே போய்த் திரும்பி வந்திருக்கிறது.