சமர்கந்தின் சியோப் சந்தை: அரை நாள் ஒதுக்கலாமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் அக்டோபரில் உஸ்பெகிஸ்தான் செல்லவிருக்கிறேன். சமர்கந்தில் இரண்டு நாள்தான் இருப்போம். பட்டுப் பாதையின் பழஞ்சந்தை என்று சொல்லப்படும் சியோப் சந்தைக்கு அரை நாள் ஒதுக்கலாமா? நாங்கள் சைவ உணவுக்காரர்கள். அங்கே எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: தாராளமாக ஒதுக்கலாம்; ஆனால் அது காலை நேரமாக இருக்கட்டும். பழைய கட்டடங்களை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். சமர்கந்தைத் தலைநகராக்கி ஆண்ட தைமூர் 1399இல் கட்டத் தொடங்கிய பீபி கானும் மசூதிக்குப் பக்கத்திலேயே சந்தை இருப்பதால், அதுவும் அதே காலத்துத் தோற்றத்தில் இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் நீங்கள் பார்க்கப்போகும் நுழைவாயிலும், நிழற்கூரைகளும், அவற்றின் கீழ் வரிசையாக நிற்கும் விற்பனை மேடைகளும் அண்மைக் காலத்தவை. பழமையானது அந்நகரின் வாணிகம். 1404இல் தைமூரின் அவைக்கு வந்த காஸ்டீல் நாட்டுத் (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) தூதர் கிளாவிஹோ, சீனத்துப் பட்டும், ரஷ்யப் பகுதிகளின் தோலும், இந்தியாவின் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, இஞ்சி ஆகியவையும் சமர்கந்துக்கு வந்ததைக் குறித்திருக்கிறார். சரக்கு விற்கத் தக்க இடமில்லை என்று தைமூர் நகரின் குறுக்கே ஒரு கடைத்தெரு அமைக்க ஆணையிட்டதையும், வழியில் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டதையும் அவரே எழுதியுள்ளார். சாலை விரிவாக்கத்தின் துயரம் அன்றும் இருந்திருக்கிறது.

அக்டோபர் நல்ல தேர்வு. கோடை வெப்பம் தணிந்து, திராட்சையும் மாதுளையும் முலாம்பழமும் ஒருசேரக் கிடைக்கும் காலம் அது. ரெகிஸ்தான் சதுக்கத்திலிருந்து சந்தை வரை நடைபாதைச் சாலை ஒன்று செல்கிறது. அதில் பயணிகளுக்கான சிறு மின்வண்டிகளும் ஓடுவதால் தாயாருக்கு நடை குறையும். காலையில் முதலில் சந்தையையும் அடுத்து மசூதியையும் பார்த்துவிடுங்கள். சற்றுத் தொலைவில் உள்ள ஷாஹி ஸிந்தா கல்லறை வளாகத்தின் படிக்கட்டு செங்குத்தானது. தாயாரின் முழங்காலைப் பொறுத்து அதை முடிவு செய்யுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சைவம் என்ற கருத்தே அங்கு அதிகம் பழக்கமில்லாதது. 'இறைச்சி வேண்டாம்' என்றால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுப் பரிமாறுவதும் உண்டு. பூசணிக்காய் வைத்த சம்சா கிடைக்கும். ஆயினும் அதில் ஆட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்ட பிறகே உண்ணுங்கள். 'நோன்' என்னும் தந்தூர் ரொட்டி சமர்கந்தின் பெருமை. கனமாகவும் மேற்பரப்பு பளபளப்பாகவும் இருக்கும் அந்த ரொட்டி பல நாள் கெடாது. ஆனால் 'பாத்திர்' என்ற அடுக்கு ரொட்டி வகையில் கொழுப்பு சேரக்கூடும். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதை அங்கு மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். காரட்டை மெல்லியதாகச் சீவிக் காரமாக ஊறவைத்த கொரிய வகைத் தொடுகறியையும் சந்தையில் பார்க்கலாம். 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் சோவியத்தின் தூரக் கிழக்கிலிருந்து மத்திய ஆசியாவுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்ட கொரிய மக்கள் உருவாக்கிய உணவு அது. தயிர் சாதம் தேடும் நாக்குக்கு இதுவும் ரொட்டியும் ஓரளவு ஆறுதல் தரும்.

வாங்குவதற்கு உகந்தவை உலர்பழங்களும் பருப்புகளுமே. சாம்பலில் உப்பிட்டு வறுத்த பாதாம்பருப்பு போலத் தோன்றுவது பாதாமன்று, சர்க்கரை பாதாமி எனப்படும் ஆப்ரிகாட் பழத்தின் கொட்டைப் பருப்பு. ஓட்டை உடைத்து உண்ண வேண்டும். 'நவ்வோட்' என்பது நம் நூல் கற்கண்டைப் போலவே நூலைச் சுற்றிப் படிகமாக விளைவிப்பது, தேநீருடன் உண்கிறார்கள். சிறு உருண்டைகளாக உலர்த்திய புளிப்புத் தயிரான 'குர்த்' மிகுந்த உப்புள்ளது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விற்பவர்கள் சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள். சுவைத்தவுடன் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்ட பிறகு, ஒரே கடையில் பல பொருள்களைச் சேர்த்து வாங்கிப் பேரம் பேசுவதே பலன் தரும். மொழி தெரியாத இடத்தில் கால்குலேட்டரே பேசும்.

இரண்டு பொருள்களில் எச்சரிக்கை தேவை. மலிவாகக் கிடைக்கும் 'குங்குமப்பூ' பெரும்பாலும் குசும்பாப் பூவின் இதழ்தான். நிறம் தரும், மணம் தராது. பட்டு என்று விற்கப்படும் மலிவான துப்பட்டாக்களில் பல செயற்கை இழைகளே. கைத்தையல் பூவேலை செய்த 'சுசானி' துணிகள் வேண்டுமெனில், சமர்கந்துக்குத் தென்கிழக்கே உள்ள உர்குத் ஊரின் சந்தை இதைவிடச் சிறந்தது. பழங்காலப் பொருள் என்று எதையேனும் காட்டினால் விலகிவிடுங்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களை உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது.

பணம் உள்ளூர் 'சோம்' நாணயமாகக் கையில் இருக்க வேண்டும். இந்திய ரூபாயை மாற்றுவது கடினம். மடிப்போ கிழிசலோ இல்லாத அமெரிக்க டாலர் தாள்களை எடுத்துச் சென்று வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள். முலாம்பழத்தையும் திராட்சையையும் புட்டிநீரில் கழுவி அறையிலேயே உண்டுவிடுங்கள். புதுப் பழங்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவர நலக் கட்டுப்பாடுகள் உண்டு. உலர்ந்தவற்றைக் காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லி, விமானத்தில் ஏற்றி அனுப்பும் பெட்டியில் வைத்துவிட்டால் கைப்பையின் சுமை குறையும்.