எந்தக் கடனை முதலில் அடைக்க? நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (பாளையங்கோட்டை, தனியார் பள்ளி ஊழியர்): வங்கியில் பர்சனல் லோன், கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் பாக்கி, அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வளையல். தவணைகள் போக மாதம் 5,000 மிஞ்சும். மூன்றுக்கும் பிரித்துக் கட்டவா?

பிரிக்காதீர்கள். எல்லா வட்டியையும் ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். லோன் 12 சதவீதம் என்றால் அது ஆண்டுக்கு. அடகுக் கடையின் இரண்டு வட்டி மாதத்துக்கு, அதாவது ஆண்டுக்கு 24. கார்டில் மாதம் 3.5 என்றால் ஆண்டுக்கு 42. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 80,000-க்கு ஒரு மாத வட்டி 2,800, வரி 504. குறைந்தபட்சத் தொகை என்று 5 சதவீதம், 4,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 696 ரூபாய். ஆகவே மிஞ்சும் 5,000 முழுக்கக் கார்டுக்கே போகட்டும்.

பாக்கி நிற்கும்வரை கார்டைத் தேய்க்காதீர்கள். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். செயலிகளில் சேமித்த கார்டு எண்ணையும் நீக்குங்கள். அது இருக்கும்வரை கை சும்மா இருக்காது. கார்டு முடிந்ததும் வளையல். அடகை மொத்தமாக மீட்கப் பணம் சேராது என்பதால், அடுத்த முறை ஒவ்வொரு உருப்படிக்கும் தனி ரசீது கேளுங்கள். ஒரே ரசீதில் நான்கு வளையல் இருந்தால் ஒன்றை மட்டும் மீட்க விடமாட்டார்கள். சின்னதை மீட்டு வங்கியில் குறைந்த வட்டிக்கு வைத்து, அந்தப் பணத்தில் அடுத்ததை மீட்கலாம்.

கேள்வி (திருநெல்வேலி டவுன், பெட்டிக்கடை): தண்டலில் (தினவசூல் கடன்) 10,000 எழுதி 8,500 கையில் தந்தார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். 1,500 தானே வட்டி, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று தோன்றுவதற்காகத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் எடுத்தாயிற்று. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம், ஆண்டுக்கு 120. 50-ஆவது நாளில் பழையதைக் கழித்துப் புதிதாக எழுதித் தரச் சொன்னால் இன்னும் மோசம், முன்பிடித்தம் மறுபடி விழும்.

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டு தமிழகச் சட்டம் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலோ, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். அதற்குக் கையில் சான்று வேண்டும். தினசரி அட்டையில் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் யுபிஐயில் கட்டுங்கள். எழுதாத புரோநோட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (முக்கூடல், பீடி சுற்றும் பெண்): மூன்று குழுக்கடன். வாரத் தவணை கட்ட நாலாவது எடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. ஒரு வாரத் தவணையை நாலால் பெருக்கி மாதக் கணக்குப் போடுவதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம், மாதத்துக்கு 4.33. ஐந்து தவணை விழும் மாதத்தில்தான் அடுத்த கடன் பிறக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டது என்றால் நாலாவது கடனால் அது சரியாகாது.

மூன்று கடன் அட்டையையும் எடுத்து வைத்து ஒவ்வொன்றிலும் நிலுவை அசல் எவ்வளவு என்று கேளுங்கள். தீபாவளி போனஸ் வந்ததும் மிகச் சின்ன பாக்கியை ஒரேயடியாக முடித்துவிடுங்கள். முன்கூட்டி அடைத்தால் குழுக்கடனுக்கு அபராதம் கிடையாது. முடிந்ததற்குச் சான்று வாங்குங்கள். இனிக் கட்ட வேண்டாத அந்தத் தவணைப் பணத்தைச் சேலைக்கு விடாமல் அடுத்த கடனோடு சேருங்கள். வசூலுக்குக் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வீட்டு வாசலில் வந்து நிற்க அவர்களுக்கு உரிமையில்லை.

கேள்வி (சேரன்மகாதேவி, விவசாயி): மாத பட்ஜெட் போடச் சொல்கிறீர்கள். எனக்கு வருஷத்தில் இரண்டு தடவைதான் பணம்.

மாசியிலோ பங்குனியிலோ பிசான நெல் அறுப்புப் பணம், புரட்டாசியில் கார் போக நெல் அறுப்புப் பணம். இரண்டையும் ஆறாறு மாதமாகப் பிரித்தால் ஆவணியில் கை காய்ந்துவிடும். பிசானப் பணம் ஏழு மாதம் ஓட வேண்டும், கார்ப் பணத்துக்கு ஐந்து மாதம்தான். பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்காமல் கார் பொய்த்தால் பிசானமே பன்னிரண்டு மாதத்துக்கும்.

நெல் பணம் வந்த அன்றே கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை முடியுங்கள். தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. பிறகு அடுத்த பூவுக்கு (அடுத்த சாகுபடிக்கு) விதை, உரம், நடவுக் கூலி. மிச்சத்தை ஏழால் வகுத்து, அந்தத் தொகையை மட்டும் மாதா மாதம் வேறு கணக்குக்கு மாற்றி அதில் செலவு பண்ணுங்கள். யுபிஐ அந்தக் கணக்கோடு மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (களக்காடு, இல்லத்தரசி): கோயில் கொடை (ஊர்த் திருவிழா), மொய், பொங்கல்படி (பொங்கல் சீர்) வந்தால் கணக்கெல்லாம் குலைந்துவிடுகிறது.

இதெல்லாம் திடீர்ச் செலவு அல்ல, தேதி தெரிந்த செலவு. மொய் நோட்டைப் புரட்டினால் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும் என்பது அதிலேயே இருக்கும். கோயில் கொடை வரி 5,000, தீபாவளி 15,000, பொங்கல்படி 4,000, மொய் 12,000 என்று வைத்துக்கொண்டால் 36,000, மாதம் 3,000. இதை ஓராண்டு ஆர்டியில் (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். கடன் இருக்கும்போது சேமிப்பா என்று கேட்பீர்கள். சேர்க்காவிட்டால் கொடை நாளில் அது தண்டலாகத்தான் வரும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): பாக்கியில் பாதி கட்டினால் போதும் என்று வங்கியில் போன் வருகிறது.

அப்படிக் கட்டினால் உங்கள் கடன் அறிக்கையில் (சிபில் போன்றது) ‘முழுக்கக் கட்டவில்லை, பேசித் தீர்த்தது’ என்று ஏறும்; பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அது இடிக்கும். வேறு வழியில்லை என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் தொகை, கடைசித் தேதி, மிச்சம் தள்ளுபடி என்பதெல்லாம் வங்கியின் கடிதமாகக் கைக்கு வந்த பிறகே பணம் போகட்டும். போனில் பேசியவர் சொல்லும் தனிக் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.